ஒன்பதாவது கேள்வி

அருளம்பலத்தார் அரசாங்கக் கச்சேரியில் பத்தொன்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் கையால் போன எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்ததில்லை. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் சின்னதாக ஒரு கோடாவது இழுத்துவிடுவார். நேரத்தோடு பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தவரிடம், மனிதருடைய மனதை அறிவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது என்று ஒரு டொக்டர் வந்து சொன்னார். அன்றைக்கு அருளம்பலத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. தான் பிறந்ததே இதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"அந்த நேரம் என்ரை தலைக்கனத்தை ஏத்தி இறக்க ஒரு லொறி பிடிச்சிருக்க வேணும்" என்றுதான் இந்தக் கதையை அவர் எப்போதும் தொடங்குவார். தன்னைத் தானே நக்கலடிக்கிற மனிதர். அதனால் நாமும் கொஞ்சம் கூடக்குறையச் சொன்னால் கோபிக்கமாட்டார்.

பயிற்சி மூன்று மாதம். அது முடிந்ததும், தொண்ணூற்றொன்று புரட்டாதியில், மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு டியூட்டரியில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன கணக்கு ஒன்று அழியாமல் இருந்தது. வாசலில் 'உளவளத்துணை நிலையம்' என்று தன் கைப்பட எழுதி ஒரு பலகை தொங்கவிட்டார். முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் சாதகக் குறிப்போடு வந்தார்கள். ஒருவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடமோ என்று கேட்டுவிட்டுப் போனார். மிச்சப் பேருக்கு அருளம்பலத்தார் படிவம் நிரப்பினார்.

ஒருவருக்கு ஒரு படிவம்; அவர் திரும்ப வரும்போது அதையே எடுத்துக் கேட்பார். படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று எட்டாவது வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஒன்பதாவதுதான் வில்லங்கம். 'தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தங்களுக்கு ஏற்பட்டதுண்டா? ஆம் / இல்லை.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'ஆம் எனில், எப்போது, எவ்வாறு என விசாரித்து, உடனடியாக மேற்பார்வையாளருக்கு அறிவிக்கவும்.'

கேட்பதால் அந்த எண்ணம் ஒருவருக்குப் புதிதாக வந்துவிடாது, பயப்படாமல் நேராகக் கேளுங்கள் என்று டொக்டர் பயிற்சியில் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். அருளம்பலத்தார் அதைக் கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனாவால் கீழ்க்கோடும் இட்டு வைத்திருந்தார். கொப்பியில் அது மிகவும் வடிவாக இருந்தது.

நிலையம் திறந்த முதல் செவ்வாய்க்கிழமை தங்கமுத்து வந்தா. கொடிகாமத்திலிருந்து வாரா வாரம் தேங்காய் கொண்டுவந்து மருதனார்மடம் சந்தையில் விற்கிற மனிசி. நித்திரை இல்லை என்று பக்கத்துக் கடைக்காரி பிடித்துக்கொண்டுவந்து விட்டிருந்தாள். தங்கமுத்து இரண்டு வசனத்துக்கு ஒருக்கால் "நான் செத்துத் துலைஞ்சாத்தான் சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தா. அதைக் கேட்டு அருளம்பலத்தார் அசரவில்லை. அந்தக் காலத்தில் ஊரில் அதைச் சொல்லாதவர் யார்? சங்கக்கடை வரிசையில் நிற்கிறவர், பங்கருக்குள் தவளையோடு குந்தியிருக்கிறவர், மண்ணெண்ணெய் கிடைக்காதவர் எல்லாரும் "ஒரு ஷெல் வந்து விழுந்தால் நிம்மதி" என்று சொல்லிவிட்டு, பின்னேரம் பிளேன்ரீ குடிக்கப் போனார்கள். ஆகவே அவர் முறைப்படி எட்டுக் கேள்வியையும் முடித்து, தொண்டையைச் செருமி, ஒன்பதாவதைப் படிவத்தில் இருந்தபடியே வாசித்தார்.

தங்கமுத்து எழும்பினா.

"செவ்வாய்க்கிழமையும் அதுவுமாய் என்ன வாயடா உனக்கு? நித்திரைக்கு மருந்து கேட்டு வந்தவளைச் சாகச் சொல்லுறியோ? நாசமாய்ப் போவாய்!"

வாசலில் இறங்கி, இரண்டு கையாலும் மண் அள்ளி அறைக்குள் வீசினா. சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அருளம்பலத்தார் கதவைச் சாத்திக்கொண்டு, படிவத்தில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். செத்துப்போகிறேன் என்று சொல்வதற்கு இந்த ஊரில் எல்லாருக்கும் உரிமை இருக்கிறது, அதைக் கேட்பதற்குத்தான் ஒருவருக்கும் இல்லை என்று அவருக்கு அன்று விளங்கியது. ஒன்பதாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தது. கிளாக்கருடைய கை சும்மா இருக்குமா? 'ஆம்' என்பதைக் கோடிழுத்து வெட்டி, 'இல்லை'யை விட்டார்.

அதற்குப் பிறகு வந்த முப்பத்தொரு பேரிடமும் அவர் ஒன்பதாவதைக் கேட்கவில்லை. எட்டு முடிந்ததும் ஒரு கோடு, பிறகு பத்து. பெரியவர்களிடம் கேட்கிற கேள்வியா அது என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டார். 'ஆம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் யாரிடம் போய் அறிவிப்பது? மேற்பார்வையாளராக இருந்த மரியரட்ணம் மாஸ்டர் கண் ஒப்பரேஷனுக்கென்று கிளாலிக் கடலேரியால் கொழும்புக்குப் போனவர், போனவர்தான். படிவங்கள் பூரணமாக இருந்தன, அது போதும்.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் புத்தூர்ப் பொன்னம்பலம். அறுபத்தொரு வயது. வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். ஐப்பசியிலிருந்து ஒன்றுவிட்ட ஒரு திங்கட்கிழமை சைக்கிளில் வருவார். போன மாசியில் அவருடைய மனைவி குணலட்சுமி தோட்டத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனா. ஒரே மகன் ஜேர்மனியில். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கடிதம் வரும். அருளம்பலத்தார் 'துயரம்: உண்டு' என்று எழுதியிருந்தார்.

பொன்னம்பலத்துக்கு இன்னொரு பிக்கலும் இருந்தது. அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் பங்குக் கிணற்றிலிருந்து. யாருக்கு எந்த நாள், எந்த நேரம் இறைப்பு முறை என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிவைத்த கிணறு. குணலட்சுமியின் சீதனத்தோடு திங்கட்கிழமைப் பின்னேர முறையும் வந்தது என்று பொன்னம்பலம் சொல்ல, அது சீதனத்தில் இல்லை, எனக்குரியது என்று குணலட்சுமியின் தம்பி பஞ்சலிங்கம் சொல்ல, அரைநாள் தண்ணீருக்காக இரண்டு பேரும் பதினொரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அருளம்பலத்தார் இந்த இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "பகையை இறக்கி வையுங்கோ அண்ணை, மனம் லேசாகும்" என்று ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் பிரசங்கம் வைத்தார். பொன்னம்பலம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாசி மாதத்து ஒரு திங்கள் காலை. பொன்னம்பலம் தலைமயிர் வெட்டி, முகம் வழித்து, தோய்த்த வேட்டியோடு வந்தார். சைக்கிள் கரியரில் கதலி வாழைக்குலை ஒன்று. மாரி காலத்தில் இரவல் வாங்கிப்போன குடையையும் ஒருவரும் கேளாமலே கொண்டுவந்து மூலையில் வைத்தார். நித்திரை வருகிறதாம். சாப்பாடு இறங்குகிறதாம்.

"மனம் லேசாய்க் கிடக்கு தம்பி. நீர் சொன்னது சரிதான். அந்தத் திங்கட்கிழமை முறையைப் பஞ்சலிங்கத்துக்கே விட்டுடுவம் எண்டு முடிவெடுத்திட்டன். நீர் கச்சேரியிலை இருந்தனீர், வடிவாய் ஒரு கடிதம் எழுதித் தாருமன்."

அருளம்பலத்தாருக்குப் புல்லரித்தது. பதினொரு வருடப் பகையைத் தன் வாயாலேயே கரைத்துவிட்டார்! உடனே வெள்ளைத் தாள் எடுத்தார். 'எனது மனைவி குணலட்சுமியின் சீதன வழியாக எனக்குக் கிடைத்த திங்கட்கிழமைப் பின்னேர இறைப்பு முறையை, இன்று தொடக்கம் எனது மைத்துனர் பஞ்சலிங்கம் எக்காலத்துக்கும் அனுபவிக்கக் கடவர்.' எக்காலத்துக்கும் என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பொன்னம்பலம் ஒப்பமிட்டார். சாட்சியாக அருளம்பலத்தாரும் ஒப்பமிட்டு, போதாக்குறைக்கு நிலையத்தின் றப்பர் முத்திரையையும் குத்தினார்.

போகும்போது பொன்னம்பலம் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். "நீர் எனக்குக் கனக்கச் செய்துபோட்டீர்" என்றார். அருளம்பலத்தாருடைய கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு 'முன்னேற்றம்: மிகவும் திருப்தி' என்று எழுதினார். ஒன்பதாவதில் வழக்கமான கோடு.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் கை கழுவ முதலே மனைவி நாகேஸ்வரிக்கு இந்த வெற்றியை விளம்பத் தொடங்கினார். நாகேஸ்வரி நீர்வேலித் தோட்டக்காரரின் மகள். சோறு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தா.

"நல்ல விசயம். வெங்காயம் கிண்டிப்போட்டாரோ?"

"இல்லை, நிக்குது. ஐம்பது நாள்ப் பயிராம்."

குழம்பு அள்ளிய கரண்டி சட்டிக்கு மேலேயே நின்றது.

"ஐம்பது நாள் வெங்காயம் நிக்கேக்கையோ இறைப்பு முறையைக் குடுத்தவர்?"

"அதிலைதான் விசயமே இருக்கு நாகேஸ். என்ன பெரிய மனம் பாரும்!"

"இஞ்சாருங்கோ, என்ரை கலியாணத்தண்டும் எங்கடை ஐயா விடியப்புறம் இறைச்சுப்போட்டு வந்துதான் பட்டு வேட்டி கட்டினவர். வெங்காயம் நிக்கேக்கை தோட்டக்காரன் உயிரைக் கேட்டாலும் தருவான், தண்ணி தரமாட்டான். உவர் பயிருக்கு என்ன செய்யப்போறாராம்?"

"அது நான் கேக்கேல்லை."

"மகனிட்டைப் போறாரோ?"

"இல்லை."

"குடையையும் கொண்டந்து தந்திட்டாரோ?"

அருளம்பலத்தார் தலையை ஆட்டினார். நாகேஸ்வரி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தா.

"உங்கடை ஒன்பதாவது கேள்விக்கு அந்தாள் என்ன சொன்னவர்?"

"ஒன்பதாவது எது எண்டு உமக்கெப்படித் தெரியும்?"

"போட்டோக் கொப்பி அடிக்க வழியில்லை எண்டு முப்பத்திரண்டு படிவத்தையும் என்ரை கையாலையெல்லோ எழுதுவிச்சனீங்கள்! அந்த வரியை முப்பத்திரண்டு தரம் எழுதினனான். கேட்டனீங்களோ, இல்லையோ?"

அவர் கேட்கவில்லை என்பதை அவருடைய முகமே சொல்லியிருக்க வேண்டும். நாகேஸ்வரி வாசலில் நின்ற சைக்கிளை உருட்டிக்கொண்டுவந்து அவருக்கு முன்னால் பிடித்தா. அருளம்பலத்தார் சோற்றில் கை வைக்காமலே ஏறினார்.

உரும்பிராய் தாண்டும்வரை அவருக்கு வேறொன்றும் யோசிக்கமுடியவில்லை. மூன்று மாதப் பயிற்சியும் சிவப்புக் கோடும் றப்பர் முத்திரையும் சேர்ந்து என்ன செய்துவைத்திருக்கின்றன! சாகப்போகிற மனிதனுக்கு மரண சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டு வாழைக்குலையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் குலையில் ஒரு பழத்தை வழியிலேயே தின்றதும் நினைவுக்கு வந்தது.

பிறகு எப்படிக் கேட்பது என்று மிதித்துக்கொண்டே ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். "அண்ணை, ஒண்டு கேட்டாக் கோவியாதையுங்கோ" என்று தொடங்கிப் பார்த்தார். "இப்ப, ஒரு கதைக்கு" என்று தொடங்கிப் பார்த்தார். நீர்வேலியடியில் ஆத்திரம் வந்து, "சாக நினைக்கிறியளோ?" என்று வாய்விட்டே கத்திவிட்டார். பக்கத்தில் விறகுக் கட்டோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன் காணும், நான் உமக்கு என்ன செய்தனான்?" என்று கேட்டுவிட்டு விழுந்தடித்து மிதித்துக்கொண்டு போனார்.

பொன்னம்பலத்தின் வீட்டு முற்றம் சருகு ஒன்றில்லாமல் கூட்டியிருந்தது. கதவு பூட்டு. பூட்டைத் திறக்கிற திறப்பு கதவிலேயே, வருகிறவர் கண்ணுக்குத் தெரியத் தொங்கியது. அருளம்பலத்தார் சைக்கிளை முற்றத்தில் போட்டார். வேலியைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்.

பொன்னம்பலம் கிணற்றுக் கட்டில் இருந்தார். உயிரோடு இருந்தார். அருளம்பலத்தாருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வெயிலைப் பற்றிக் கதைத்தார். வெங்காயம் நல்லாய் வந்திருக்கிறது என்றார். தாள் வாடிப்போய் நின்ற வெங்காயம் அது.

"உதைச் சொல்லவோ தம்பி, இந்த வெயிலுக்கை மருதனார்மடத்திலையிருந்து வந்தனீர்?"

"இல்லை அண்ணை." ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. "நீங்கள் உங்கடை உயிரை மாய்க்க நினைச்சிருக்கிறியளோ?"

கேட்டவுடன் அவருடைய வலது கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. மண் வரும் என்று அது எதிர்பார்த்திருக்கிறது. மண் வரவில்லை.

"ஓம்" என்றார் பொன்னம்பலம்.

சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டதற்குச் சொன்னதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு அருளம்பலத்தாருடைய உயர்ந்த கையைப் பார்த்து, "கையை இறக்கும்" என்றார்.

"உதைக் கேக்க உமக்கு அஞ்சு மாசம் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு முறையும் இண்டைக்குக் கேப்பீர் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வருவன். நித்திரை வருகுதோ, சாப்பாடு இறங்குதோ எண்டு எட்டு மட்டும் வருவீர். பிறகு ஒரு கோடு. பிறகு பத்து. மேசைக்கு மற்றப் பக்கத்திலை இருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியும் தம்பி. உம்மடை மனிசியின்ரை எழுத்து நல்ல தெளிவு."

அருளம்பலத்தார் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார்.

"நான் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பியளோ?"

"ஐப்பசியிலை கேட்டிருந்தா, இடைக்கிடை நினைக்கிறனான் எண்டு சொல்லியிருப்பன். நீர் கோடு போட்டவுடனை, அது கதைக்கக் கூடாத விசயமாக்கும் எண்டு நானும் விட்டுட்டன்."

இதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம். இருந்தாலும் தொடங்கியதை விடக்கூடாது என்ற கிளாக்கர் புத்தி அன்றைக்கு ஒருமுறை உதவியது. பொடி எழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

"எப்ப எண்டு யோசிச்சிருக்கிறியள்?"

"வெள்ளிக்கிழமை குணத்துக்கு ஒரு வருசம் முடியுது, ஆட்டைத் துவசம். அது முடியட்டும் எண்டு."

"எப்பிடி?"

பொன்னம்பலம் தோட்டத்துக் கொட்டில் பக்கம் நாடியை நீட்டினார். பயிருக்கு அடிக்கிற மருந்து அங்கேதான் இருந்தது.

"அதை என்னட்டைத் தாங்கோ அண்ணை."

"தந்தா, பிறகு?"

பிறகு? அருளம்பலத்தார் படிவத்தின் அடிவரை மனதுக்குள் போய்ப் பார்த்தார். "பிறகு மேற்பார்வையாளருக்கு அறிவிக்கவும் எண்டு கிடக்கு. மேற்பார்வையாளர் கொழும்பிலை. பிறகு என்ன செய்யிறதெண்டு எனக்கு உண்மையாய்த் தெரியேல்லை அண்ணை. நாளைக்குக் காலமை டொக்டரிட்டை ரெண்டு பேருமாய்ப் போவம். அதுமட்டும் நான் இஞ்சை இருக்கிறன்."

பொன்னம்பலம் மூக்கால் சிரித்தார். பிறகு எழுந்து போய்ப் போத்தலைக் கொண்டுவந்து அவருடைய காலடியில் வைத்தார். வைத்துவிட்டு, வெங்காயத்தைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார்.

"அண்டைக்கும் திங்கட்கிழமை. முழங்கால் நோகுதெண்டு நான்தான் படுத்திருந்தனான். நீங்கள் படுங்கோ, நான் பாத்திக்குத் தண்ணி மாறிப்போட்டு ஓடி வாறன் எண்டிட்டுப் போனவள். முழங்கால் நோ தம்பி. ஒரு முழங்கால் நோ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் அவளின்ரை தண்ணியை நான் மாறிக்கொண்டு நிக்கிறன். எனக்கு ஏலாது."

உங்களில் பிழையில்லை, மனதைத் தேற்றுங்கோ என்ற பிரசங்கம் அருளம்பலத்தாருடைய நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். பொன்னம்பலம் அழுது முடிய வெகுநேரம் எடுத்தது. இவருக்கும் கண்ணீர் ஓடிற்று. துடைக்க லேஞ்சி கொண்டுவர மறந்திருந்தார்.

படலை திறக்கிற சத்தம் கேட்டது. பஞ்சலிங்கம், பெரிய மீசைக்காரர், தண்ணீர் இறைக்கிற மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சேட்டுப் பையில், பொன்னம்பலம் மத்தியானம் கொடுத்தனுப்பிய கடிதம். வந்த வேகத்தில் அதை எடுத்து ஆட்டினார்.

"இதை எழுதின கோதாரி ஆர்?"

"நான்தான்" என்றார் அருளம்பலத்தார். அன்றைக்கு அவர் உண்மை சொல்லத் தொடங்கியிருந்தார்.

"மூளை கீளை இருக்கோ காணும் உமக்கு? பதினொரு வருசமாய் அரைநாள் தண்ணிக்கு என்னோடை வழக்குப் பேசின மனுசன், வெங்காயம் நிக்கேக்கை எக்காலத்துக்கும் எண்டு எழுதித் தாறார். அதுக்கு ஒரு சீலும் குத்தி! இதைக் கண்ட நேரம் தொட்டு என்ரை மனிசி குழறிக்கொண்டிருக்கிறாள். படிக்காத எங்களுக்கு விளங்குது, படிச்ச உமக்கு விளங்கேல்லையோ?" சொல்லிக்கொண்டே பொன்னம்பலத்தின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்துபோயிற்று. "அத்தான், அக்கா போனது காணும். என்னை இன்னொருக்கால் கொள்ளி தூக்க வையாதையுங்கோ."

கடிதத்தை நாலாகக் கிழித்து வாய்க்காலில் போட்டார். பிறகு, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த இரண்டு போத்தல் மண்ணெண்ணெயை எடுத்து மெஷினுக்குள் விட்டார். தடை போட்டு ஒரு சொட்டும் உள்ளே வராத அந்தக் காலத்தில் இரண்டு போத்தல் மண்ணெண்ணெயை மைத்துனரின் வெங்காயத்துக்கு விடுகிற மனிதர் எப்படிப்பட்டவர் என்று அப்போது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

"இண்டைக்குத் திங்கட்கிழமை. உங்கடை முறை. எழும்புங்கோ."

பொன்னம்பலம் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மெஷின் ஓடத் தொடங்கி, தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. பாத்தி பாத்தியாக மாறிவிட ஒருவரும் இல்லை. அருளம்பலத்தார் களுசானை முழங்கால் மட்டும் சுருட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். நீர்வேலியில் பெண் எடுத்தவருக்கு இது தெரியாதா என்ன? முதல் பாத்தியின் வாயைத் திறப்பதற்குப் பதிலாக வரம்பை வெட்டினார். தண்ணீர் இரண்டு பாத்திக்குள்ளும் ஒன்றாகப் பாய்ந்தது. அதை அடைக்க ஓடியதில் வெங்காயத்தில் ஐந்தாறு சேற்றுக்குள் போயிற்று. மூன்றாவது பாத்தியில் அவரே இருந்தார்.

"ஐயோ, உந்த விசரனைப் பிடிச்சு வெளியிலை விடு பஞ்சலிங்கம்! என்ரை வெங்காயம்!"

பொன்னம்பலம் சேற்றுக்குள் இறங்கி மண்வெட்டியைப் பறித்தார். ஒரு வெட்டில் வரம்பை அடைத்தார். இன்னொரு வெட்டில் வாயைத் திறந்தார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு போனார். தன்னுடைய ஊழியத்தில் தான் செய்த ஒரே உருப்படியான சிகிச்சை அந்த வெங்காயப் பாத்திக்குள் விழுந்ததுதான் என்று அருளம்பலத்தார் சொல்லுவார்.

அந்தக் கிழமை முழுக்கப் பொன்னம்பலம் பஞ்சலிங்கத்தின் வீட்டில் இருந்தார்; முதல் இரவு அருளம்பலத்தாரும் மருந்துப் போத்தலைத் தன்னோடு வைத்துக்கொண்டு அங்கேயே தங்கினார். அடுத்தநாள் மூன்று பேருமாக டொக்டரிடம் போனார்கள். டொக்டர் மருந்து எழுதி, கிழமைக்கு ஒருக்கால் வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆட்டைத் துவசத்துக்கு அருளம்பலத்தாரும் போயிருந்தார். பந்தி முடிந்து எல்லாரும் எழும்பியபின் பக்கத்தில் போய், "இண்டைக்கு எப்பிடி அண்ணை, அந்த எண்ணம்?" என்று கேட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பொன்னம்பலம் கொஞ்சம் யோசித்தார். "கிடக்கு. திங்கட்கிழமையிலும் பார்க்கக் குறைவு" என்றார். பிறகு, "எல்லாரிட்டையும் உதைக் கேக்கிறனீரோ?" என்றார்.

"இல்லை அண்ணை. உங்களிட்டைத்தான்."

"அப்ப மற்ற ஆக்களின்ரை கோடு?"

அருளம்பலத்தார் வீட்டுக்கு வந்து முப்பத்திரண்டு படிவங்களையும் மேசையில் பரப்பினார். முப்பத்தொன்றில் தன் கையாலேயே எழுதிய பொய். கேட்டதென்றால் முதலாவதில்தான், அதற்கும் மண்தான் பதிலாக வந்தது. யாரிடமிருந்து தொடங்குவது என்று அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சந்தையில் தங்கமுத்து சாக்கு விரித்துத் தேங்காய் குவித்துக்கொண்டு இருந்தா. ஆறு மாதமாக இவரைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக் காறித் துப்புகிற மனிசி. அருளம்பலத்தார் போய் முன்னால் குந்தினார். கையில் படிவம் இல்லை.

"என்ன, திரும்பவும் அதுதானோ?"

"ஓம் அக்கா. அதுதான். சாக வேணும்போலை உங்களுக்கு நினைப்பு வாறதோ?"

தங்கமுத்து சாக்குக்கு வெளியே கையை விட்டு ஒரு பிடி மண் அள்ளினா. பக்கத்துக் கடைக்காரி வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாள். அருளம்பலத்தார் கையை உயர்த்தவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மண் இன்னும் தங்கமுத்துவின் கைக்குள் இருந்தது.

"அண்டைக்கு ஏசிப்போட்டு நான் உன்ரை வாசல்லை கனநேரம் நிண்டனான் தம்பி" என்றா. "நீ கதவைத் திறக்கேல்லை."

அருளம்பலத்தார் இரண்டு தேங்காயைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தச் சாக்கிலேயே அவவுக்குப் பக்கத்தில் இருந்தார்.